பெட்டிக்கட்டிலில் அரண்மனை அங்கி

விக்டோரியா ராணி எங்கள் ட்ரம்லீ கிராமத்தைப் பார்த்ததில்லை. ட்ரம்லீக்காரர்களும் ராணியைப் பார்த்ததில்லை. இரண்டு தரப்புக்கும் அதனால் ஒரு குறையும் இல்லாமல்தான் காலம் ஓடிக்கொண்டிருந்தது, பெடி குறுக்கே புகுந்து உறவு கொண்டாடி வைக்கிற வரைக்கும்.

ஆர்ச்சிபால்ட் பெடி பூவேலைத் தரகர். கிளாஸ்கோ கம்பெனியிலிருந்து துணியும் நூலும் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுப்பார். பெண்கள் ஊசியால் பூப்போட்டு முடித்ததும் வாங்கி அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர். மற்ற நாட்களில் அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வார். மெல்லிய வெள்ளைத் துணியில் பூப்போடும் வழக்கத்துக்கு மவுசு போய், அயர்ஷயர் மாவட்டம் முழுக்க ஊசிகள் துருவேறிக் கிடந்த காலம் அது. அப்போதுதான் அரண்மனையில் பிறந்த பேரப்பிள்ளை ஒன்றுக்கு ஞானஸ்நான அங்கி தைக்கிற வேலை எங்கள் ஊருக்கு வந்தது. ஊர்ப் பண்ணையின் சீமாட்டி லேடி கில்வாரன் யாரிடமோ சொல்லி, அவர் வேறு யாரிடமோ சொல்லி வாங்கிக்கொடுத்தது. எடுத்த வேலை நன்றாக வந்தால் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வேலை தொடரும் என்று பேச்சு.

அந்த வாரமே பெடியின் கடை வாசலில் அரச முத்திரைபோலச் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் வரைந்த பலகை ஏறிவிட்டது. அரண்மனையிலிருந்து அதற்கு அனுமதி வந்ததா என்று கேட்டவர்களிடம், "வரும்" என்றார். சிங்கத்தை வரைந்தவன் சிங்கத்தைக் கண்டதில்லை. பெடி வீட்டு நாயைக் கண்டிருக்கிறான்.

ஆலயப் படிக்கட்டில் நின்றுகொண்டு பெடி விதிகளைச் சொன்னார். அங்கி இருக்கிற வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்க வேண்டும். பக்கத்தில் பன்றி ஆகாது. புகையிலைக் குழாய் ஆகாது. நோய் அறவே ஆகாது. பிறகு கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். "நோய்நொடியற்ற, தெய்வபயமுள்ள இல்லங்கள்" என்று கையெழுத்துப் போட்டுக் கிளாஸ்கோவுக்கு அனுப்பினார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகு, நோய் வருவதென்றால் அவரைக் கேட்டுக்கொண்டுதான் வரவேண்டும்.

அங்கி வெள்ளைக் காஷ்மீரக் கம்பளி. வெள்ளைப் பட்டு நூலால் பூவேலை. காலர் எல்ஸ்பெத் டானக்கின் கையால் ஆனது. கணவனை இழந்தவள், வாய் நீளம், ஒரு காது கேட்காது. முட்செடிப் பூவும் ரோஜாவும் பின்னிக்கிடக்கிற அந்தக் காலரைத் தடவிப் பார்த்தால் இலையில் நரம்பு தட்டுப்படும். ஓரம் முழுவதும் அடுத்த வீட்டு கிரிஸல் ஹவியின் பங்கு. காலரை உடம்போடு சேர்த்துத் தைத்ததும் அவள்தான். இருவரும் கிரிஸல் வீட்டு ஜன்னலடியில், பகல் வெளிச்சம் இருக்கும்வரை, முழங்கால் முட்ட உட்கார்ந்து தைப்பார்கள். கண் எரிந்தால் விஸ்கியில் விரல் நனைத்து இமையில் தடவிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். மதுவிலக்குப் பிரசங்கம் செய்கிற பெடிகூட இதற்குக் கண்ணை மூடிக்கொள்வார். எல்ஸ்பெத்துக்குக் கண்ணெரிச்சல் அதிகம். கண்ணுக்குப் போகிற வழியில் கொஞ்சம் வாய்க்கும் போகும்.

ஒற்றை அறை வீட்டில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு வெள்ளைத் துணியை வெள்ளையாகவே வைத்திருப்பது லேசான காரியமில்லை. கூரை உத்தரத்தில் வைத்தால் கரி படியும். பெட்டியில் வைத்தால் ஈரம் பிடிக்கும். எங்கள் வீடுகளில் புகையும் ஈரமும் எட்டாத இடம் ஒன்றே ஒன்று உண்டு. அது சுவருக்குள் பதித்துக் கதவு வைத்த பெட்டிக்கட்டில். ட்ரம்லீயில் பூவேலை செய்கிற அத்தனை பேரும் துணியை அங்கேதான் வைப்பார்கள். கிரிஸலும் அங்கியைத் தலையணை உறைக்குள் சுருட்டிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். அந்தக் கட்டிலில்தான் அவள் மகள் பெத்தியா, தொண்டை வலிக்கிறது என்று இரண்டு மூன்று நாளாகப் படுத்திருந்தாள். குளிர்காலத்தில் எந்தப் பிள்ளைக்குத்தான் தொண்டை வலிக்கவில்லை? பிள்ளை அந்த மூட்டையைக் காலால் இழுத்து, கையால் இழுத்து, கடைசியில் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறது.

பனியும் மழையும் கலந்து அடித்த ஒரு காலையில் கிரிஸலின் கணவன் ஹ்யூ ஹவி மகளின் சட்டையை மாற்றக் கட்டில் கதவைத் திறந்தான். கைத்தறி நெசவாளி. தறிக்கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படித்து, கிரீடங்களை எல்லாம் உருக்கிக் கலப்பைக்கொழு அடிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறவன்.

"கிரிஸல், இங்க வா. இவ நெஞ்சப் பாரு."

கிரிஸல் விளக்கைக் கொண்டுவந்தாள். கழுத்திலிருந்து வயிறு வரை ஊசிமுனையால் குத்திவிட்டதுபோலச் செம்புள்ளி. நாக்கு தடித்துச் சிவந்திருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத் தெருவில் இதே காய்ச்சல் அந்த மாதம் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. அதன் பெயரைச் சொன்னால் வீடு தேடி வந்துவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை. சொல்லாமலேயே வந்திருந்தது.

கிரிஸல் மகளின் நெற்றியில் கை வைத்தாள். அப்புறம் அவள் கை தானாகக் கால்மாட்டுக்குப் போனது. மூட்டை அங்கே இல்லை. பெத்தியாவின் கக்கத்தில் இருந்தது. தலையணை உறை அவிழ்ந்து, அங்கியின் ஓரம் பிள்ளையின் தாடையடியில் நசுங்கிக் கிடந்தது.

"அழுக்காக்கலம்மா," என்றாள் பெத்தியா, தொண்டை கட்டிய குரலில். "கதகதன்னு இருந்துச்சு."

கிரிஸல் அதை உருவி எடுத்தாள்.

எல்ஸ்பெத் வழக்கம்போலத் தையல் வளையத்தையும் ஊசிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தபோது, வாசலிலேயே கிரிஸல் மறித்தாள்.

"உள்ள வராதக்கா. பிள்ளைக்கு அது."

"எது?" நல்ல காதைத் திருப்பினாள் எல்ஸ்பெத். கிரிஸலின் முகத்தைப் பார்த்ததும் பதில் தேவைப்படவில்லை. "தள்ளு. சின்னதுல எனக்கு வந்துபோனதுதான். ஒரு காத எடுத்துக்கிட்டு உசுர விட்டுட்டுப் போச்சு. ரெண்டாந்தடவ வராது." உள்ளே வந்து பிள்ளையைப் பார்த்தாள், போர்வையைச் சரி செய்தாள், தண்ணீர் புகட்டினாள். பெத்தியாவால் விழுங்க முடியவில்லை, கடைவாயில் வழிந்தது. அதற்குப் பிறகுதான் எல்ஸ்பெத்தின் கண் அங்கியைத் தேடியது. நாற்காலி முதுகில் கிடந்தது.

"இது எங்க இருந்துச்சு?"

"கட்டில்ல."

"எத்தன நாளா?"

"அவ படுத்ததுல இருந்து."

எல்ஸ்பெத் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. ஹ்யூ அடுப்படியில் நின்று கையைப் பிசைந்தான்.

"நம்மளத் தூக்குல போடுவாங்களா?" என்றான்.

"எதுக்குய்யா தூக்கு?"

"ராஜ வம்சத்தக் கொல்லப் பாத்தேன்னு சொல்லலாம்ல. நான் பேசுற பேச்ச ஊரே கேட்டிருக்கு."

"நீ பேசுறத ஊர் எங்க கேட்டுச்சு," என்றாள் எல்ஸ்பெத். "நீ வாயத் தொறந்தா அவனவன் தறிய வேகமா மிதிக்கிறான். உன்னத் தூக்குல போட ஒரு கயிறு தண்டம்." பிறகு கிரிஸல் பக்கம் திரும்பினாள். "இந்தா பாருடி. உதறிக் காத்துல போடு. ஒரு நாள் காத்தாடினா எல்லாம் போயிரும். நாளைக்கு மத்தியானம் பெடி எடுத்துட்டுப் போறான். போனா நம்ம கைய விட்டுப் போச்சு."

"போயி ஒரு பிள்ள மேல விழும்க்கா."

"அந்தப் பிள்ளைக்கு ஆயிரம் துணி இருக்கும். இத ஒரு நா போடுவாங்க, தூக்கி அலமாரில வைப்பாங்க."

"ஒரு நா போதாதா?"

எல்ஸ்பெத் ஊசிப்பெட்டியைத் திறந்து, மூடினாள்.

"ஓரத்தத்தான் வாயில வைக்கும்," என்றாள் கிரிஸல். "எந்தப் பிள்ளையா இருந்தாலும் கைக்குச் சிக்குற ஓரத்தத்தான் சப்பும். அந்த ஓரம் பூரா நான் போட்டது."

"அப்ப என்ன செய்யப் போற? போயிச் சொல்லப் போறியா? சொன்னா உன் வேல மட்டுமா போகும்? தெரு பூரா போகும். ட்ரம்லீ துணியில காய்ச்சல் இருக்குன்னு ஒரு தடவ கெளம்புனா, அப்பறம் கைக்குட்டைக்குக்கூட நம்மள யாரும் கூப்பிட மாட்டாங்க. அந்தக் காலருக்கு நான் என் மிச்சக் கண்ணையும் குடுத்திருக்கேன்டி."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா சரி," என்று எழுந்தாள் எல்ஸ்பெத். வளையத்தை மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்று பிற்பகலே பெடி வந்துவிட்டார். கூடவே லேடி கில்வாரனின் குதிரை வண்டி. சேற்றுக்குப் பயந்து வண்டி தெருமுனையிலேயே நின்றது. ஜன்னல் வழியாக ஒரு தொப்பியும் அதன்மேல் ஒரு பறவையின் பெரும்பகுதியும் தெரிந்தன. பெடி குடையோடு சேற்றைத் தாண்டித் தாண்டி வந்தார்.

"கிரிஸல் ஹவி, சீமாட்டியம்மா ஒரு பார்வை பாக்கணும்னு ஆசப்படுறாங்க. அங்கிய எடுத்துட்டு வா. கையக் கழுவிட்டு எடு."

கிரிஸல் நிலைப்படியில் நின்றாள். "ஐயா, கிட்ட வராதீங்க. பிள்ளைக்குச் செங்காய்ச்சல். அங்கி அவ கட்டில்லதான் இருந்துச்சு."

பெடியின் முகம் அப்படியே இருந்தது. குடை மட்டும் கொஞ்சம் சாய்ந்தது.

"மழைச் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல," என்றார்.

"செங்காய்ச்சல்ங்கய்யா."

"இன்னும் கேக்கல." குரலைத் தாழ்த்தினார். "நல்லாக் கேட்டுக்க. பிள்ளைக்கு ஜலதோஷம். இந்த வீட்டுல நோய் கெடையாது. நான் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நீங்க போட்டப்ப இல்லீங்க. இப்ப இருக்கு. உள்ள வந்து பாருங்க."

உள்ளே வருவதற்குப் பதிலாக அவர் ஓர் அடி பின்னால் போனார். காது கேட்காதவர் அவ்வளவு சரியாகப் பின்வாங்கி நான் பார்த்ததில்லை.

கிரிஸல் அவரைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "சீமாட்டியம்மா, இந்தத் துணிய எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா..."

"என்ன சொல்றா, பெடி?" என்றது தொப்பி.

"ஆனந்தக் கண்ணீருங்கம்மா," என்று பெடி தன் ஆலயக் குரலை எடுத்து, அவள் குரல்மேல் போர்த்தினார். "இவ்வளவு பெரிய பாக்கியம் நம்ம குடிசைக்கு வந்துச்சேன்னு அழுறா. இப்பப் பாத்தா நாளைக்குக் கொண்டாட்டத்துல சுவாரசியம் இருக்காதுங்கம்மா."

தொப்பி மனம் நெகிழ்ந்து கைக்குட்டையை ஆட்டியது. வண்டி திரும்பியது. அது போகும்வரை பெடி தலை குனிந்து நின்றார். பிறகு கிரிஸலிடம் சொன்னார்:

"நாளைக்கு மத்தியானம் பெட்டியோட வருவேன். ஆலயத்துல ஊர் கூடியிருக்கும். பத்திரிகைக்காரனுக்குச் சொல்லியாச்சு. சாயங்காலம் ரயில். நீ தரலேன்னா கான்ஸ்டபிளோட வருவேன். அது கம்பெனித் துணி, உன் பாவாட இல்ல. அப்பறம் இந்தத் தெருவுல எவளுக்கும் ஊசி புடிக்க வேல இருக்காது. யாரால போச்சுன்னு நானே சொல்லுவேன். கொஞ்சம் லாவண்டர் போட்டு மடி."

மறுநாள் விடிந்தபோது மழை நின்று உறைபனி இறங்கியிருந்தது. பெத்தியாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. உதடு வெடித்திருந்தது. இரண்டு நாளாக ஒரு வாய் உள்ளே போகவில்லை. கிரிஸல் ஈரத்துணியால் அவள் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தாள். அடுப்பில் கரியை அள்ளிப் போட்டாள். வீட்டில் இருந்த ஒரே இரும்புப் பானையை ஏற்றினாள்.

ஹ்யூ பார்த்துக்கொண்டே இருந்தான். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனான். இரண்டு நடை தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். அவனுடைய அரசியல் வாழ்க்கையில் அவன் செய்த ஒரே காரியம் அதுதான். அதற்கு ஒரு சொற்பொழிவும் இல்லை.

கம்பளி கொதிநீரைக் கண்டால் சுருங்கி உதவாமல் போகும் என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். எரித்துவிட்டிருக்கலாம். அடுப்பு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் தன் கையால் போட்ட பூவை நெருப்பில் போட அவளுக்கு மனம் வரவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அங்கியை விரித்து, ஓரத்தை ஒருமுறை விரலால் நீவிப் பார்த்தாள்.

"வெந்நீர்ல பொழைச்சு வந்தா போகட்டும்," என்று சொல்லி உள்ளே விட்டாள்.

எல்ஸ்பெத் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது அப்போதுதான். பானையைப் பார்த்தாள், நாற்காலி முதுகைப் பார்த்தாள், மறுபடி பானையைப் பார்த்தாள்.

"அடியே பாவி," என்றாள். கிரிஸல் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கி உள்ளே விட்டுத் தூக்கினாள். காலரின் ஒரு பக்கம் மேலே வந்தது. ரோஜாக்கள் கண்ணை மூடிக்கொண்டதுபோலச் சுருங்கியிருந்தன. "என்னைய ஒரு வார்த்த கேட்டியா? பிரிச்சுக் குடுத்திருந்தா காலரையாவது வச்சிருப்பேன்ல."

"காலரும் அதே கட்டில்லதான்க்கா கெடந்துச்சு."

"எனக்கு ஒண்ணும் ஆகல."

"உனக்கு வந்துபோச்சு. அந்தப் பிள்ளைக்கு இன்னும் வரல."

எல்ஸ்பெத் துடுப்பைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆவிக்காகவும் இருக்கலாம். பிறகு துடுப்பை மெல்ல இறக்கினாள். அங்கி தண்ணீருக்குள் போனது. மிதந்த ஓரத்தை அவளே அமுக்கிவிட்டாள்.

மத்தியானம் பெடி வந்தார். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை. கையில் உள்ளே நீலப் பட்டுத் தைத்த மரப்பெட்டி. கான்ஸ்டபிள் வரவில்லை. சாட்சி எதற்கு என்று நினைத்திருப்பார். வாசலுக்கு எட்டி நின்றுகொண்டு, "கொண்டா," என்றார்.

கிரிஸல் துடுப்பால் பானையிலிருந்து ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். பழுப்பு வெள்ளையில், தடித்து, சுருண்டு, நீர் சொட்டியது. பட்டு நூல் அங்கங்கே புழுவாக நெளிந்திருந்தது.

"என்ன அது?"

"அங்கிதாங்கய்யா."

"காலர் எங்க?"

"அதுக்குள்ளதான் எங்கயோ இருக்கு," என்றாள் எல்ஸ்பெத். "பூனைக்குட்டி எதுக்காவது ஞானஸ்நானம் இருந்தா சொல்லுங்க, அளவு சரியா இருக்கும்."

பெடி கத்துவார் என்று ஹ்யூ வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக நின்றான். பெடி கத்தவில்லை. ஆலயத்தில் லேடி கில்வாரன் உட்கார்ந்திருந்தார். கிளாஸ்கோ பத்திரிகைக்காரன் உட்கார்ந்திருந்தான். ஏன் வெந்தது என்று சொன்னால் காய்ச்சலைச் சொல்ல வேண்டும். காய்ச்சலைச் சொன்னால் கையெழுத்தைச் சொல்ல வேண்டும். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டால் அவன் முதலில் கட்டில் கதவைத்தான் திறப்பான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஆர்ச்சிபால்ட் பெடி நின்றுகொண்டிருந்தார்.

வெற்றுப் பெட்டியை மூடினார். பூட்டினார். சாவியைக் கோட்டின் உள்பையில் போட்டார்.

"இது யாருக்கும் தெரியக் கூடாது," என்றார்.

"எதுங்கய்யா?" என்றாள் எல்ஸ்பெத்.

"எதுவுமே."

பெட்டியை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரம் கொண்டுபோகிறவர்போல அடி வைத்து நடந்தார். சற்று நேரம் பொறுத்து எல்ஸ்பெத்தும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் போனாள். அங்கே போய் அவள் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டால் தெருவே இந்த வாசலில் வந்து நிற்கும். ஹ்யூ கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். பிறகு தாழ்ப்பாளைப் பார்த்து அவனுக்கே நம்பிக்கை இல்லாமல், பெஞ்சை இழுத்து முட்டுக்கொடுத்தான்.

கிரிஸல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஆலயம் இருக்கிற மேட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிள்ளையின் மூச்சு மட்டும் கரகரவென்று கேட்டது. ஒரு முறை நின்றதுபோல இருந்தது, கிரிஸல் குனிந்தாள், மறுபடி வந்தது. பிறகு மேட்டில் சங்கீதம் பாடத் தொடங்கினார்கள். ஊர் மொத்தமும் சேர்ந்து பாடியது. ஒரு சரணம் முடிந்து அடுத்ததும் வந்தது. கோபத்தில் இருக்கிறவர்கள் இத்தனை சரணம் பாட மாட்டார்கள் என்று ஹ்யூவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெஞ்சை இழுத்துப் பழைய இடத்தில் போட்டான்.

வெளிச்சம் மங்கும் முன் எல்ஸ்பெத் திரும்பி வந்தாள். கதவருகே நின்று செருப்புச் சேற்றைத் தட்டினாள்.

"பெட்டிய மேசை மேல வச்சாங்க," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "சிலுவையவே விக்கிரகம்னு சொல்லி வெளிய நிறுத்துற ஆலயம். பெட்டிக்கு ஊரே எழுந்து நின்னுச்சு. போதகர் கை வச்சு ஜெபம் பண்ணாரு. ஒரு தடவ தொறந்து காட்டச் சொன்னாங்க சீமாட்டி. பெடி என்ன சொன்னான் தெரியுமா? சாவி அரண்மனையில இருக்காம். ராஜ கண்ணு படுற வரைக்கும் வேற கண்ணு படக் கூடாதாம். அந்தம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு. பத்திரிகைக்காரன் பெட்டிய நாலு பக்கமும் சுத்தி வந்து, வேலப்பாடு அபாரம்னு எழுதிக்கிட்டான்."

"நீ என்னக்கா பண்ணுன?"

"ஆமென் சொன்னேன். வேற என்ன பண்ண?" எல்ஸ்பெத் மூக்கை உறிஞ்சினாள். "படிக்கட்டுல வச்சு எங்கிட்டக் குசுகுசுங்கிறான். பெட்டி ரயில்ல தொலைஞ்சு போயிருமாம்."

"இன்னும் ரயிலே ஏறலியே," என்றான் ஹ்யூ.

"ஏறலதான். ஆனா தொலைஞ்சாச்சு. உனக்கும் எனக்கும் இனிமே அவங்கிட்ட வேல இல்லைன்னும் சொல்லிட்டான், கிரிஸல். மத்தவங்களுக்குக் குடுப்பானாம். நாம வாயத் தொறக்காத வரைக்கும்."

கிரிஸல் தலையசைத்தாள். தெருவுக்கு வேலை இருக்கும். அந்தத் தெருவில் இரண்டு ஜன்னல்களில் இருக்காது. மன்னிப்புக் கேட்கலாமா என்று அவள் எல்ஸ்பெத்தின் முகத்தைப் பார்த்தாள். எல்ஸ்பெத் பார்க்காததுபோல அடுப்பைப் பார்த்தாள்.

அப்போது கட்டிலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கதவைத் திறந்தாள் கிரிஸல். பெத்தியாவின் நெற்றி நனைந்திருந்தது. முடியெல்லாம் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. கை வைத்துப் பார்த்தாள். கையை எடுத்து, தன் கையைச் சந்தேகப்பட்டு, உதட்டை வைத்துப் பார்த்தாள்.

"என்னடி வேணும்?"

"கஞ்சி," என்றாள் பெத்தியா.

யாரும் நகரவில்லை. சரியாகக் கேட்டதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கஞ்சி," என்றாள் மறுபடியும், கொஞ்சம் எரிச்சலோடு.

கிரிஸல் ஓட்ஸ் மாவு டப்பாவை எடுக்கப் பாய்ந்தாள். எடுத்துக்கொண்டு அடுப்புக்கு வந்து நின்றாள். பானை நிறைய அங்கி.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் எல்ஸ்பெத். அவளே துடுப்பை விட்டு அங்கியை அள்ளினாள், கதவைக் காலால் திறந்தாள், வேலிச் செடிமேல் வீசினாள். வந்து பானையைத் தூக்கித் தண்ணீரைத் தெருவில் கவிழ்த்தாள். சாம்பலை அள்ளி உள்ளே போட்டு, வாசலில் குந்தி, தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஹ்யூ, தண்ணி கொண்டா. ரெண்டு தடவ அலசணும். பிள்ளைக்குக் கஞ்சி வைக்கிற பானையில கண்டதையும் போட்டு வேக வச்சிருக்கீங்க."